திங்கட்கிழமைக்குள் கழல வேண்டிய டயர்

1

இக்கதை என் உடல் எடையிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்பூரில், எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவிலுள்ள மதிற்சுவருக்கு அப்பாலிருந்து அடுத்த வீட்டு அமிர்தவள்ளி குரல் கொடுத்தாள்.

"சார், உங்க வெயிட்டு இன்னா?"

அறுபத்தெட்டுக் கிலோ என்றேன். அவள் சற்று யோசித்தாள்.

"கம்மிதான். பரவால்ல, வாங்க."

போனேன். முற்றத்தில் ஒரு சிறிய சக்கரம் படுத்துக் கிடந்தது. அதன் டயரின் மேல் ஒரு பலகை. அப்பலகையின் மேல் நான் ஏறி நிற்க வேண்டுமாம். என் பாரத்தில் டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவுமாம். ஏறி நின்றேன். ஒன்றும் நழுவவில்லை. இக்கதைக்கு நான் அளித்த பங்கு என் எடை மட்டுமே, அதுவும் போதவில்லை.

மற்றவற்றை எல்லாம் அவள் செய்தாள். [அல்லது அவள் செய்ததாக நான் எழுதுகிறேன். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றி அவளுக்கும் எனக்கும் உள்ள வழக்கு இன்னும் தீரவில்லை.]

ஆகவே நான் பலகையை விட்டு இறங்கிவிடுகிறேன். இனிக் கதை அவளருகில் நின்று சொல்லப்படும். இடையிடையே நான் அடைப்புக்குறிக்குள் இருமினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

முதல் தொடக்கம் இவ்வாறு இருந்தது:

தோல் பதனிடும் தொட்டிகளின் வாடை காற்றில் கலந்து வந்த அந்த விடியற்பொழுதில்—

நிறுத்திவிட்டேன். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுத வருகின்றவர் ஒவ்வொருவரும் மூக்கிலிருந்தே தொடங்குகிறார். இங்கே பிறந்து இங்கேயே உண்டு உறங்குகிறவர்களுக்கு அந்த வாடை தெரிவதே இல்லை. விருந்தாளியின் மூக்கை இரவல் வாங்கி என் ஊரை நான் ஏன் முகர வேண்டும்?

இரண்டாம் தொடக்கம்:

குழந்தைப் பருவத்தில் வந்த காய்ச்சலில் இடக்காலின் வலுவை இழந்த அமிர்தவள்ளி—

இதனை அவளிடமே படித்துக் காட்டினேன். அவள் முகம் சுளிக்கவில்லை, சிரித்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"உங்களப் பத்தி நான் எழுதுனா, 'சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட சார்'னா சார் ஆரம்பிப்பேன்? காலு எங்கயும் போவல, இங்கதான் இருக்குது. டயரப் பத்தி எழுதுங்க."

அந்த வாக்கியத்தை அடித்துவிட்டேன்; எனினும் அழிக்கவில்லை. அவளுடைய ஸ்கூட்டரின் பின்புறம் இருபக்கத்திலும் ஒவ்வொரு சிறு சக்கரம் ஏன் பொருத்தப்பட்டுள்ளது என்பது இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அதற்கு மட்டுமே அது தேவைப்பட்டது. இனி அதைப் பற்றிப் பேச்சில்லை.

மூன்றாம் தொடக்கம் இரண்டே சொற்கள்:

டயர் கழலவில்லை.

இதை வைத்துக்கொண்டேன்.

3

டயர் கழலவில்லை. சனிக்கிழமை மாலை வாஹித் பாஷாவின் பஞ்சர் கடையில் அமிர்தவள்ளி முக்காலியில் அமர்ந்து, தன் வண்டியின் வலப்பக்கச் சிறு சக்கரத்தை அவர் இயந்திரத்தில் கிடத்தி அமுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயந்திரத்தின் இரும்பு நகம் டயரின் விளிம்பில் ஊன்றியது; சறுக்கியது. மீண்டும் ஊன்றியது, மீண்டும் சறுக்கியது. மூன்றாம் முறை ரிம்மே முனகியது. வாஹித் பாஷா மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டார்.

"இதுக்கு மேல அமுக்குனா ரிம்மு வளஞ்சிடும்மா. இந்த மாடல் ரிம்மு ரெடிமேடா கெடைக்காது. சொல்லி, செஞ்சு வர்றதுக்குப் பத்து நாளு."

அவளிடம் பத்து நாள் இல்லை. ஒன்றரை நாள் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அமிர்தவள்ளி ஷூ தொழிற்சாலை ஒன்றில் இருபத்தோராண்டுகளாக வேலை செய்கிறாள். அவள் அமர்வது ரீவொர்க் மேசையில். பிறர் கோணலாக ஒட்டிய ஷூவின் அடிப்பாகத்தை, அதாவது சோலை, மேல்தோல் கிழியாமல் பிரித்தெடுத்து, மறுபடி ஒட்டுவதற்கு ஏற்றதாக்கித் தருவது அம்மேசையின் வேலை. தவறு செய்தவன் பெயர் ஒருபோதும் மேசைக்கு வராது. தவறு மட்டுமே வரும். அந்த வியாழக்கிழமை மேலாளர் அவளை அழைத்து, பேரணாம்பட்டில் திறந்துள்ள புதிய பிரிவில் ரீவொர்க் முழுவதற்கும் அவளைப் பொறுப்பாளராக்க இருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். வராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போகும். வண்டியில் வந்துவிட முடியுமா என்று கேட்டார். வந்துவிடுவேன் என்றாள்.

பேருந்தில் போகலாமே என்பீர்கள். படியின் உயரத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை நடத்துநர் ஒருவர் நல்ல மனத்தோடு அவளை மூட்டையைப் போல் தூக்கி உள்ளே வைத்தார். அன்றோடு அவள் பேருந்தை விட்டாள். இது நடந்து பதினெட்டு ஆண்டுகளாகின்றன.

அவளது வண்டியின் ட்யூப் இல்லாத இரு சிறு டயர்களும் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. வீட்டிலிருந்து ஆம்பூர்த் தொழிற்சாலை வரை அவை போதும். பேரணாம்பட்டுச் சாலைக்குப் போதா. புதியவற்றை வாங்கி வைத்துவிட்டாள். இடச்சக்கரத்தின் பழைய டயர் பத்தே நிமிடத்தில் கழன்றுவிட்டது. வலப்பக்கந்தான் பிடிவாதம் பிடித்தது.

"லெஃப்ட்டு சுளுவா வந்துச்சு. ரைட்டு மட்டும் இன்னாத்துக்கு இப்பிடிப் புடிச்சிக்கினு கீது?" என்று வாஹித் பாஷா தமக்குத்தாமே கேட்டுக்கொண்டார். விடையை எதிர்பார்க்காமல் கையைத் துடைத்தார்.

அமிர்தவள்ளி அக்கேள்வியையும் சக்கரத்தையும் வீட்டுக்கு எடுத்து வந்தாள்.

[ஓர் இடைக்குறிப்பு. பெரிய டயரைக் கழற்றுவதுதான் கடினம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படியல்ல. லாரி டயர் விரிந்து கொடுக்கும். நெம்புகோலை நுழைக்க இடமும் தரும். சிறிய டயரின் விளிம்பு குறுகியது. ஓரிடத்தில் தூக்கினால் எதிர்ப்புறம் இறுகும். சிறியதாயிருப்பதே அதன் பலம். இதை வைத்து ஓர் உவமை செய்ய என் கை துடிக்கிறது. செய்யமாட்டேன்.]

4

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் சக்கரத்தை முற்றத்தில் கிடத்தினாள். எஞ்சிய காற்று முழுவதும் போய்விட்டதா என்று வால்வை அழுத்திப் பார்த்தாள். சோப்பைத் தண்ணீரில் குழைத்து விளிம்பெங்கும் பூசினாள். பலகையை வைத்து, அதன் மேல் ஆட்டுக்கல்லின் குழவியை ஏற்றினாள். அசையவில்லை. பிறகு என்னை ஏற்றினாள். அதைத்தான் சொல்லிவிட்டேனே.

நான் இறங்கும்போது அவளுடைய தம்பி வசந்த் வந்தான். அடுத்த தெருவில் குடியிருப்பவன். அதே தொழிற்சாலையில் சோல் ஒட்டும் பிரிவில் மேற்பார்வையாளன். ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் கடப்பாரைத் துண்டும் வைத்திருந்தான். வந்ததும் வராததுமாகத் துருப்பிடித்துவிட்டது என்று தீர்ப்பளித்தான். சக்கரத்தைக் குனிந்தும் பார்க்கவில்லை. எப்படித் தெரியும் என்று அவள் கேட்டாள். பழைய வண்டி, மழை, துரு, இதிலென்ன தெரிய வேண்டியிருக்கிறது என்றான்.

இரும்பை விளிம்பில் ஊன்றி அடித்தான். நாலாவது அடி தவறி ரிம்மின் ஓரத்தில் விழுந்தது. நகத்தளவு இடத்தில் இரும்பு உட்குழிந்தது.

அமிர்தவள்ளி கையை நீட்டினாள். அவன் சுத்தியலைக் கொடுத்துவிட்டான். அதை அவள் தன் நாற்காலிக்கு அடியில் வைத்தாள்.

அதன் பிறகு அவன் பேசினான், நெடுநேரம் பேசினான். அந்தச் சாலையில் லாரி ஜாஸ்தி என்றான். இருட்டுவதற்குள் திரும்ப முடியாது என்றான். வண்டியை விற்றுவிட்டு, ஆம்பூரிலேயே இருந்துகொண்டு, காலையும் மாலையும் தன் பைக்கின் பின்னால் அமர்ந்து வரலாம் என்றான். டயரே கழலமாட்டேன் என்கிறதே, அதுவே ஒரு அறிகுறியாக இருக்கக் கூடாதா என்று கூடக் கேட்டான்.

"டயருக்கு இன்னாடா தெரியும், நான் எங்க போறன்னு?" என்றாள் அவள்.

5

இங்கே எழுத்து நின்றது. வசந்தை எனக்குப் பிடிபடவில்லை.

முதல் படியில் அவனைப் பொல்லாதவனாக எழுதினேன். அக்காள் தன்னைவிட மேலே போவதைப் பொறுக்காத தம்பி. பாகாயத்தில் இருக்கும் என் நண்பர் தேவசகாயம் நான் எழுதுவனவற்றையெல்லாம் முதலில் படிப்பவர். தொலைபேசியில் கூப்பிட்டு, மிக நன்றாக வந்திருக்கிறது, அவனை இன்னும் கொஞ்சம் கெட்டவனாக்கும் என்றார். அவர் அவ்வளவு மகிழ்ந்ததே எனக்கு ஐயத்தை உண்டாக்கியது.

இரண்டாம் படியில் அவனைப் பாசமுள்ளவனாக எழுதினேன். அக்காளுக்கு ஒன்று நேர்ந்துவிடுமோ என்று நடுங்கும் தம்பி. தேவசகாயம், இதுவும் நன்றாகவே இருக்கிறது, அழ வைக்கிறது என்றார். அதையும் கிழித்தேன். பாசமுள்ளவன் ஏன் சக்கரத்தைக் குனிந்து பார்க்கவில்லை?

அக்கேள்விக்கு நான் வசந்தைக் கொண்டு விடை சொல்ல முயன்றுகொண்டிருந்தேன். விடையோ சக்கரத்தில் இருந்தது. அதைக் கண்டவள் அமிர்தவள்ளி. எனவே படியைத் திருத்துவதை விட்டுவிட்டு, அன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

6

ஒன்பது மணியிருக்கும். ஆறிய சோப்புத் தண்ணீர் பயன்படவில்லை என்று அமிர்தவள்ளி அடுப்பில் வெந்நீர் போட்டாள். கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்து, ரிம்முக்கும் டயருக்கும் இடையிலுள்ள கோட்டில் சிறிது சிறிதாக ஊற்றினாள். ஆவி எழுந்தது. அவள் குனிந்திருந்ததால் அது நேரே முகத்தில் பட்டது.

ஊற்றுவதை நிறுத்தினாள்.

துருவுக்கு அப்படி மணக்கத் தெரியாது. சற்றே இனித்து, தொண்டையில் போய் உட்காருகின்ற அந்த மணத்தை அவள் இருபத்தோராண்டுகளாக நாள்தோறும் எட்டு மணிநேரம் முகர்ந்திருக்கிறாள். [ஊரின் வாடை எங்களுக்குத் தெரியாது என்றேன். மேசையின் மணம் தெரியும், அது வேறு.] விரல் நகத்தை இடுக்கில் விட்டு நெம்பினாள். மஞ்சள் நூல் போல் ஏதோ இழுபட்டு வந்தது. இரு விரல்களுக்கிடையில் உருட்டினாள். உருண்டது.

"வசந்த்து, இது துரு இல்ல. சொல்யூஷன்."

சோலை ஒட்டும் பசைக்குத் தொழிற்சாலையில் அதுதான் பெயர். அவன் மதிற்சுவரைப் பார்த்தான். என் வீட்டுப் பக்கம் திரும்பிச் சுவரோரம் நான் நின்றிருந்ததால் என்னையும் பார்க்க வேண்டியதாயிற்று.

"ஓரத்துல காத்து கசிஞ்சிக்கினே இருந்துச்சுக்கா" என்றான் ஒருவழியாக. "ரெண்டு வருசம் இருக்கும். நீ ஒருநாளு பைபாஸ்ல நின்னுட்ட, ஞாபகம் கீதா? மறுநாளே கழட்டி, ஒட்டிட்டேன். அதுக்கப்புறம் ஒரு வாட்டியாவது காத்து எறங்குச்சா?"

இறங்கவில்லை. அது உண்மை. எங்கள் பக்கத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. வேறோர் ஊரில் சக்கரம் காற்றை விட்டால் ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்வார்கள், ஆம்பூர்க்காரன் ஒட்டிவிடுவான். ஒட்டியவனும் சாதாரணமானவன் அல்லன். அவன் மேற்பார்வையில் ஒட்டிய சோல் ஒருநாளும் தானாகப் பிரிந்ததில்லை என்பது தொழிற்சாலையில் பேச்சு.

"அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?"

"இன்னான்னு சொல்றது? வாஹித் பாய் கடையில எல்லாருக்கும் தெரிஞ்சிடும். டயர எவனாச்சும் ஒட்டுவானான்னு சிரிப்பாங்க."

"அதுக்குப் பதிலா நான் வூட்லயே இருந்துடலாம். அப்பிடித்தான?"

அவன் கடப்பாரைத் துண்டைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். எனக்குப் பிடிபடாத வசந்த் இவன்தான். அவன் பொல்லாதவனும் அல்லன், நடுங்குகிறவனும் அல்லன். அன்போடு ஒரு பிழையைச் செய்துவிட்டு, அதை ஒப்புக்கொள்வதை விட அக்காளின் வேலை போவதே எளிது என்று எண்ணியவன். இத்தகையவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது? தேவசகாயத்திடம் கேட்டேன். அவர் மகிழவில்லை. எனவே சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் போலும்.

7

அமிர்தவள்ளிக்குச் சினம் வந்தது என்று எழுதுவதா, வேண்டாமா என்று ஒரு பகல் முழுவதும் யோசித்தேன். வந்தது. ஆனால் அவளுடைய சினத்துக்கு வேலை தெரியும். துருவாயிருந்திருந்தால் அவள் ஒருவேளை தோற்றிருப்பாள். துருவோடு அவளுக்குப் பழக்கமில்லை. இது பசை, அதிலும் தம்பி போட்ட பசை. அவன் பிரிவு ஒட்டியதைப் பிரிப்பதுதான் இத்தனை ஆண்டுகளாக அவள் வேலை.

"உள்ள போய் இஸ்திரிப் பெட்டி எடுத்துனு வா" என்றாள்.

ரீவொர்க் மேசையில் யாரும் இழுத்துப் பிரிப்பதில்லை. இழுத்தால் தோல் போகும். ஒட்டிய பசை மறுபடி இளகும் அளவுக்குச் சூடு காட்ட வேண்டும். பசை வெந்துபோகவும் கூடாது. இளகிய இடத்தில் ஒரு விரல் அகலம் மட்டும் பிரிக்க வேண்டும். அங்கே உடனே ஒரு துண்டுக் காகிதத்தைச் செருகிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது திரும்ப ஒட்டிக்கொள்ளும். பிறகு அடுத்த விரல் அகலம்.

நீண்ட மின்கம்பியை இழுத்து வந்து, இஸ்திரிப் பெட்டியின் முனையை வசந்த் ரிம்மின் இரும்பில் வைத்துப் பிடித்தான். இரும்பு சூட்டை வாங்கி உள்ளே கடத்தியது. அவள் விரல் நுனியால் இரும்பைத் தொட்டுத் தொட்டு எடுத்தாள். போதும் என்றாள். பெட்டி விலகியது. மரக்கரண்டியின் காம்பை இடுக்கில் நுழைத்து, எடை முழுவதையும் மணிக்கட்டில் வைத்து, மெதுவாகச் சாய்த்தாள். மஞ்சள் இழைகள் நீண்டன, மெலிந்தன, அறுந்தன. பழைய நாள்காட்டியின் தாளைக் கிழித்துச் செருகினாள்.

ஒரு விரல் அகலம்.

"இன்னும் கொஞ்சம் சூடு ஏத்தட்டா?" என்றான்.

"நீ ஒட்டுறப்ப நான் வந்து சொன்னனா?"

அவன் சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை, அவன் சிரிப்பதைத் தடுக்கவும் இல்லை.

ஒரு பக்கத்தின் விளிம்பைச் சுற்றி வருவதற்கு ஒன்றரை மணிநேரம் ஆயிற்று. சக்கரத்தைத் திருப்பி மறுபக்கம். அங்கே அவன் இன்னும் தாராளமாகப் பூசியிருந்தான். அவள் தலையை நிமிர்த்தி அவனை ஒருமுறை பார்த்தாள். மன்னிச்சுக்கக்கா என்றான், பசைக்காகவா, துருவென்று சொன்னதற்காகவா என்று தெரியவில்லை. அவளும் கேட்கவில்லை. பகல் ஒன்றேகாலுக்கு, நாள்காட்டியில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தீர்ந்திருந்தபோது, டயர் சத்தமேயின்றி ரிம்மை விட்டுக் கையோடு வந்தது.

[இங்கே முதலில் "டமார் என்ற ஓசையுடன்" என்று எழுதியிருந்தேன். நானும் ஓர் ஓசையை எதிர்பார்த்தே சுவரோரம் நின்றேன். ஓசையே இல்லை. சரியாகப் பிரிக்கப்பட்டது ஓசை எழுப்பாது என்று அவள் பிறகு சொன்னாள்.]

8

மாலையில் வாஹித் பாஷா தாமே வந்து புதிய டயரை ஏற்றிக் காற்றடித்தார். எப்படிக் கழன்றது என்று கேட்டார். வசந்த் தரையைப் பார்த்தான். அமிர்தவள்ளி, சூடு காட்டினோம் பாய் என்று மட்டும் சொன்னாள்.

அவர் ரிம்மின் ஓரமெங்கும் சோப்பு நுரையைத் தடவினார். மூவரும் உற்றுப் பார்த்தார்கள். சுத்தியல் விழுந்து உட்குழிந்த அந்த நகத்தளவு இடத்தில், வெகுநேரம் கழித்து, ஒரு சிறு குமிழி எழுந்தது, உடைந்தது. பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று.

காற்று காலை வரை நிற்கலாம் என்றார் வாஹித் பாஷா. பேரணாம்பட்டு வரையிலுமா என்று அமிர்தவள்ளி கேட்டதற்கு அவர் வானத்தைப் பார்த்தார்.

"அந்த எடத்துல மட்டும் லேசா கொஞ்சம் சொல்யூஷன்..." என்று தொடங்கிய வசந்த், எதிரில் இருந்த இருவரின் முகத்தையும் கண்டு வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டான்.

முடிவுகளுக்கு வந்துவிட்டோம். என்னிடம் இரண்டு உள்ளன.

தேவசகாயத்தின் முடிவு: திங்கட்கிழமை காலை வசந்த் தன் பைக்கில் அக்காளின் வண்டிக்குப் பின்னாலேயே பேரணாம்பட்டு வரை காவலாகப் போகிறான். கதிரவன் எழுகிறான். எழட்டும். ஆனால் இதில் அவள் தானே போகவில்லை, கொண்டுபோய் விடப்படுகிறாள். மறுக்கிறேன்.

இரண்டாவது என்னுடையது, அதற்காக நாணுகிறேன். நடுவழியில் டயர் இறங்கிவிடுகிறது. அவள் சாலையோரம் தனியே நிற்கிறாள். லாரிகள் கடந்து போ— இல்லை. அவள் நிற்பதைக் கண்டு நீங்கள் இரங்கிவிட்டு இப்பக்கத்தை மூடிவிடுவீர்கள். உங்கள் இரக்கத்துக்கு அவளை நான் சாலையில் நிறுத்திவைக்க முடியாது.

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அடுத்த வீடு அல்லவா? சொல்லக் கூடாது என்பது அவள் கட்டளை. போய்ச் சேர்ந்தாள் என்று எழுதினால் கைதட்டுவார்கள். சேரவில்லை என்று எழுதினால் உச்சுக் கொட்டுவார்கள். இரண்டும் பேஜார் சார் என்றாள். எனவே திங்கட்கிழமையை நான் எழுதவில்லை. ஞாயிறு மாலையில் நான் காதால் கேட்டதோடு நிறுத்துகிறேன்.

வாஹித் பாஷா போன பிறகு அமிர்தவள்ளி வீட்டுக்குள்ளிருந்து ஒரு கைப் பம்பை எடுத்து வந்து, ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கயிற்றால் கட்டினாள். வசந்த் பார்த்துக்கொண்டே நின்றான்.

"வழியில காத்து எறங்கிட்டா?"

"அடிச்சுக்குவேன்."

"மறுபடி எறங்கிட்டா?"

"மறுபடி அடிச்சுக்குவேன்."

"எத்தினி வாட்டிக்கா அடிப்ப?"

"பேரணாம்பட்டு வர்ற வரைக்கும்."

கயிற்றின் முடிச்சை அவள் இழுத்துப் பார்த்தாள். இறுகியிருந்தது.

கடைசி வாக்கியத்தை உங்களுக்காக எழுதி, அதில் ஓரிடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். சுழியம் என்றும் நிரப்பலாம். நாற்பது என்றும் நிரப்பலாம். "போகவில்லை" என்று எழுத நினைப்பவர்களுக்கு மட்டும் அங்கே இடம் போதாது. அளந்துதான் விட்டிருக்கிறேன்.

காற்றடிப்பதற்காக அமிர்தவள்ளி வழியில் ____ முறை நின்றாள்.